தரவுத்தளத்தில் ஒரு மறைபிழை: அது தோன்றிய விதமும் திருத்தப்பட்ட முறையும்

மின் கட்டணம், நிலவரி, ரயில் முன்பதிவு, பள்ளித் தேர்வு முடிவு ஆகிய யாவும் இக்காலத்தில் கணிப்பொறியின் தரவுத்தளங்களில் சேமித்து வைக்கப்படுகின்றன. பெருந்தொகையான பதிவுகளை ஒழுங்குபடக் காத்து, கேட்டபோது கேட்டதை எடுத்துத் தரும் மென்பொருளே தரவுத்தளம் எனப்படும். முற்காலத்தில் பேரேடுகள் செய்த பணியை இது செய்கிறது. பேரேட்டில் எழுத்தர் தவறிழைத்தால் அத்தவறு ஒரு வரியில் கண்ணுக்குப் புலப்படும். தரவுத்தள மென்பொருளில் தவறு இருப்பின், அது எந்த வரியிலும் வெளிப்படாமல், என்றோ ஒருநாள் பதிவைத் தேடுகையில் "அவ்வாறு ஒன்று இல்லை" என்னும் பொய்யான விடையாக வெளிவரக்கூடும். அத்தகைய பிழையொன்று நம் நாட்டுப் பொறியாளர் ஒருவரால் கண்டறியப்பட்டு, உலகெங்கும் பரிசீலிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

கேரளமும் திறந்த மூலமும்

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம், கேரள அரசு 1990-ஆம் ஆண்டில் அங்கு டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்ப வளாகத்தை நிறுவியது முதல் மென்பொருள் துறையில் பெயர்பெற்ற ஊராயிற்று. திறந்த மூல மென்பொருள்களுக்கும் இப்பகுதி இந்தியாவில் ஒரு முக்கிய நிலைக்களமாகும். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் திருவனந்தபுரத்திலேயே தொடங்கப்பெற்றது. கேரள மாநில மின்சார வாரியம், தன் தாழ்வழுத்த நுகர்வோரின் கட்டணக் கணக்கிற்கென 'ஒரும' என்னும் மென்பொருளைத் தன் பொறியாளர்களைக் கொண்டே அமைத்தபொழுது, அதற்கு அடிப்படையாகப் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்னும் திறந்த மூலத் தரவுத்தளத்தைத் தேர்ந்தது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 1986-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி வளாகத்தில், மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்னும் பேராசிரியரின் தலைமையில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. 1996-இல் இப்பெயரைப் பெற்றது. இதன் மூலநிரல், அஃதாவது பொறியாளர் எழுதிய கட்டளை வரிகள் முழுவதும், யாவரும் படிக்கவும் மாற்றவும் பிறருக்கு அளிக்கவும் உரியவை. குறை கண்டவர் எவராயினும் அதைத் திருத்தி, அத்திருத்தத்தைப் பொதுவில் அளிக்கலாம். இவ்வாறு அளிக்கப்படும் சிறு மாற்றத்திற்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணிக்கு இடும் ஒட்டு என்பது அச்சொல்லின் பொருள். இக்கட்டுரையில் அதைத் திருத்தம் என்றே குறிப்போம்.

அடைவின் பயன்

பிழையை விளங்கிக்கொள்வதற்கு முன் தரவுத்தளம் இயங்கும் விதத்தை ஒருவாறு அறிதல் வேண்டும். கழக்கூட்டத்து மின் நுகர்வோர் பட்டியல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். (இஃது விளக்கத்திற்கெனக் கொள்ளும் எடுத்துக்காட்டே ஆகும், அங்கு இப்பிழை நேர்ந்ததென்பது கருத்தன்று.) ஒவ்வொரு நுகர்வோருக்கும் ஒரு பதிவு உண்டு. பதிவில் நுகர்வோர் எண், பெயர், முகவரி, தொலைபேசி எண் என்னும் புலங்கள் உள்ளன.

ஒரு நுகர்வோர் எண்ணைத் தேட எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டுவது வீண் உழைப்பு. ஆகவே, நூலின் இறுதியில் சொல்லடைவு சேர்ப்பதுபோல், தரவுத்தளத்திலும் 'இன்டெக்ஸ்' என்னும் அடைவு சேர்க்கப்படுகிறது. நுகர்வோர் எண்கள் அதில் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் எதிரே பதிவு கிடக்கும் இடம் குறிக்கப்படும். நூலின் அடைவில் ஒரு சொல் விடுபட்டாலும் நூலைப் படிப்பவர் அச்சொல்லை எங்கேனும் கண்டுவிடலாம். தரவுத்தளமோ அடைவை முற்றும் நம்புகிறது. அடைவில் இல்லாத பதிவு, உள்ளே பத்திரமாக இருந்தும், இல்லாததாகவே கருதப்படும்.

பதிப்புச் சங்கிலி

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒரு பதிவை மாற்றும்போது பழையது அழிக்கப்படுவதில்லை. அதன் புதிய பதிப்பு ஒன்று தனியே எழுதப்படுகிறது. பழைய பதிப்பைப் படித்துக்கொண்டிருப்பவர்க்கு இடையூறு நேராதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. புதிய பதிப்பு வேறிடத்தில் அமைவதால், அப்பட்டியலைச் சார்ந்த எல்லா அடைவுகளிலும் புதிய குறிப்பு எழுத வேண்டியதாகிறது. முகவரி மட்டும் மாறினாலும், முகவரியோடு தொடர்பற்ற நுகர்வோர் எண் அடைவிலும் எழுதவேண்டும்.

இவ்வீண் செலவை நீக்கும் உபாயம் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான 8.3 வெளியீட்டில் சேர்க்கப்பட்டது. 'ஹாட்' எனச் சுருக்கமாக வழங்கும் இம்முறையை, பலருடைய யோசனைகளையும் துணையாகக் கொண்டு உருவாக்கியவர் பவன் தேவ்லசி என்னும் இந்தியப் பொறியாளர். இதன் விதி எளியது. அடைவு எதிலும் இடம்பெற்ற புலம் மாறாதிருந்து, புதிய பதிப்பும் பழைய பதிப்பு உள்ள பக்கத்திலேயே இடம்பெறுமாயின், அடைவில் எதையும் எழுத வேண்டுவதில்லை. (ஒரு பக்கம் பொதுவாக 8,192 பைட் அளவுடையது.) பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு ஒரு தொடர்பு மட்டும் இட்டுவைத்தால் போதும். அடைவு சங்கிலியின் தலையைக் காட்டும். அங்கிருந்து தொடர்ந்து சென்று நடப்பிலுள்ள பதிப்பை அடையலாம்.

இம்முறை செம்மையாக இயங்க இன்றியமையாத நிபந்தனை ஒன்று உண்டு. எந்தெந்தப் புலங்கள் அடைவில் உள்ளன என்பதைப் பதிவை மாற்றுபவர் பிழையின்றி அறிந்திருத்தல் வேண்டும்.

வேலையை நிறுத்தாமல் அடைவு அமைத்தல்

அடைவு புதிதாக அமைக்கப்படும்போது, பட்டியலில் எவரும் எழுதாதபடி தடுப்பது பழைய வழக்கம். இரவும் பகலும் இயங்கும் அலுவலகங்களுக்கு இது ஒவ்வாது. எனவே 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த 8.2 வெளியீட்டில், எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அடைவை அமைக்கும் 'கிரியேட் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. இது மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது.

முதற் கட்டத்தில், புதிய அடைவு ஒன்று வரவிருக்கிறது என்னும் செய்தி மட்டும் தரவுத்தளத்தின் உட்குறிப்பில் பதியப்படும். அச்செய்தியை அறியாமல் தொடங்கிய நடவடிக்கைகள் யாவும் முடியும்வரை மென்பொருள் காத்திருக்கும். அதன் பின்னர் வரும் நடவடிக்கைகள் யாவும், அப்புலத்தைப் பொறுத்தமட்டில், சங்கிலி விதியை அறிந்தே எழுதும் என்பது எதிர்பார்ப்பு.

இரண்டாம் கட்டத்தில், பட்டியல் முழுவதும் ஒருமுறை படிக்கப்பட்டு அடைவு எழுதப்படும். மூன்றாம் கட்டத்தில், இதற்கிடையே வந்து சேர்ந்த பதிவுகளைப் பிடிக்க மீண்டும் ஒருமுறை படிக்கப்படும். விடுபட்டவை சேர்க்கப்பட்டபின் அடைவு பயனுக்கு உரியதாக அறிவிக்கப்படும்.

சங்கிலி முறையும் இக்கட்டளையும் தனித்தனியே நோக்கும்போது குறையற்றவை. இரண்டும் சந்திக்கும் மிகக் குறுகிய இடைவெளியிலேதான் பிழை மறைந்திருந்தது.

பிழையின் இயல்பு

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒவ்வோர் இணைப்பிற்கும் ஒரு தனிப் பணிநிரல் இயங்குகிறது. எப்புலங்கள் அடைவில் உள்ளன என்பதை ஒவ்வொரு முறையும் உட்குறிப்பைப் பார்த்து அறிவது காலவிரயம். ஆதலால் பணிநிரல் ஒவ்வொன்றும் அதை ஒருமுறை கண்டறிந்து தன் நினைவில் ஒரு குறிப்பாக வைத்துக்கொள்கிறது. அடைவுகளில் மாறுதல் ஏற்பட்டால் எல்லாப் பணிநிரல்களுக்கும் அறிவிப்பு ஒன்று அனுப்பப்படும். அறிவிப்பைப் பெற்ற பணிநிரல் தன் பழைய குறிப்பை நீக்கிவிட்டு, தேவைப்படும்போது புதியதை எழுதிக்கொள்ளும்.

ஓர் அலுவலகத்து எழுத்தரின் செயலோடு இதனை ஒப்பிடலாம். அவர் கையில் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலுள்ளோரின் விவரங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி ஒரு தாளில் எழுதுகிறார். பாதி எழுதும்போது, பட்டியலில் புதிய பெயர் ஒன்று சேர்ந்தது என்னும் சுற்றறிக்கை வருகிறது. அவர் அதில் கையெழுத்திட்டு, பெட்டியிலிருந்த பழைய குறிப்பையும் அகற்றிவிடுகிறார். ஆனால் கையிலுள்ள பழைய பட்டியலைக் கொண்டே மீதி வேலையை முடித்து, அத்தாளைப் புதிய குறிப்பெனப் பெட்டியில் வைத்துவிடுகிறார். சுற்றறிக்கை மீண்டும் வரப்போவதில்லை. ஆகவே தம் குறிப்பு பழையது என்பதை அறிய அவருக்கு இனி வழியில்லை.

பணிநிரலிலும் இதுவே நிகழ்ந்தது. அடைவுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து புலங்களைத் திரட்டும்போது, அத்திறக்கும் செயலினிடையே மாறுதல் அறிவிப்பு வந்து சேரலாம். வந்த அறிவிப்பு ஏற்கப்பட்டுவிடும். ஆயினும் திரட்டும் வேலை பழைய பட்டியலைக்கொண்டே தொடர்ந்து, முடிவில் காலங்கடந்த குறிப்பு நினைவில் பதிந்துவிடும். அந்த நடவடிக்கையோடு அது மறைந்துபோயிருந்தால் தீங்கில்லை. அடுத்தடுத்த நடவடிக்கைகளிலும் அது நிலைத்திருந்ததே தீங்கிற்குக் காரணம்.

இதன் விளைவை நம் எடுத்துக்காட்டில் காண்போம். தொலைபேசி எண்ணுக்குப் புதிதாக அடைவு அமைக்கப்படுகிறது. பழைய குறிப்பைக் கொண்ட பணிநிரல் ஒன்று, அப்புலம் அடைவில் இல்லை எனக் கருதி, ஒரு நுகர்வோரின் எண்ணைச் சங்கிலி முறையில் மாற்றிவிடுகிறது. அடைவில் பழைய எண்ணே இருக்கிறது; அது சங்கிலியின் தலையைக் காட்டுகிறது. புதிய எண்ணுக்குக் குறிப்பே இல்லை. மூன்றாம் கட்டத்துச் சோதனையும் இதைப் பிடிப்பதில்லை. சங்கிலியின் தலை அடைவில் ஏற்கெனவே உள்ளதென்று கண்டு அது மேலே சென்றுவிடுகிறது. பின்னர் அந்த நுகர்வோரைப் புதிய எண்ணால் தேடினால் விடை கிடைக்காது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தருவதில்லை, இயக்கமும் நிற்பதில்லை. தரவுத்தளப் பிழைகளில் மிகவும் அஞ்சத்தக்கது இவ்வகையே.

கண்டறிந்த விதம்

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பவன் தேவ்லசி, சங்கிலி முறையை மேலும் விரிவாக்கும் 'வார்ம்' என்னும் புதிய முறையொன்றை அமைத்து, அதைக் கடும் சுமையிட்டுச் சோதித்துவந்தார். வேலை நடக்கும்போதே அடைவு அமைக்கப்படும் சமயத்தில் தரவுகள் ஒன்றோடொன்று முரண்படக் கண்டார். குறை தாம் எழுதிய புதிய நிரலில் இருப்பதாகவே முதலில் எண்ணினார். நெடிய ஆய்வின் பின்னரே, அது தம் நிரலுக்கு உரியதன்று, மூல மென்பொருளிலேயே உள்ளது என்னும் முடிவுக்கு வந்தார். 9.2 வெளியீடு வரை பின்னோக்கிச் சோதித்தபோது எல்லாவற்றிலும் அப்பிழை இருந்தது. 9.2 என்பது 2012-இல் வெளிவந்தது. ஆகவே உலகெங்கும் பயன்பாட்டில் இருந்த மென்பொருளில், பல்லாயிரம் கண்கள் பார்த்திருந்தும், நான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் இது மறைந்திருந்தது.

மூலநிரல் திறந்திருப்பதால் மட்டும் பிழைகள் தாமே வெளிப்படுவதில்லை என்பதை இங்கு மாணவர்கள் கருத வேண்டும். முரண்பாடு ஒன்றைக் கண்டவர், அதைத் தற்செயல் என ஒதுக்காமல் காரணத்தைத் தேடிச் சென்றதே இங்குப் பயன் தந்தது. அவ்வாறு தேடிச் செல்ல முடிந்ததற்கு மூலநிரல் திறந்திருந்தமை துணையாயிற்று. அடித்தளத்து நிரலைப் படிக்க இயலாதவர் தம் நிரலையே குறைகூறிக் காலங்கழித்திருப்பார்.

திருத்தம்

பிழையின் விளக்கம் நீண்டதாயினும் திருத்தம் சிறியது. தேவ்லசியும், அம்மென்பொருளின் மூத்த பொறியாளர்களுள் ஒருவரான டாம் லேனும் சேர்ந்து இதை அமைத்தனர். திரட்டும் வேலை முடிந்தவுடன் அடைவுகளின் பட்டியல் மீண்டும் ஒருமுறை எடுக்கப்பட்டு, தொடக்கத்தில் எடுத்த பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. இரண்டும் ஒன்றாயின் குறிப்பு ஏற்கப்படும். வேறாயின் திரட்டியதை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் எழுத்தர், தாளைப் பெட்டியில் வைக்கும்முன் பட்டியல் மாறியதா எனப் பார்த்துக்கொள்வதற்கு இது நிகர்.

பழைய குறிப்பை அந்த ஒரு நடவடிக்கைக்கு மட்டும் பயன்படுத்தி, நினைவில் பதியாது விட்டாலும் இப்பிழைக்குப் போதுமானதே. ஆயினும், காலங்கடந்தது எனத் தெரிந்த தகவலைத் தருவது பொதுவாகவே தகாத வழக்கம் என்று கருதி, முழுவதும் மீண்டும் திரட்டும் முறையே மேற்கொள்ளப்பட்டது.

திருத்தம் பொதுநிரலில் சேர்க்கப்பட்ட நாள் 2017 பிப்ரவரி 6. அன்று காலமுறை வெளியீடுகள் கட்டப்படவிருந்தன. இதையொத்த அபாயம் வேறெங்கேனும் உண்டா, இதினும் சிறந்த திருத்தம் உண்டா என்னும் ஆராய்ச்சி அப்போது முடிந்திருக்கவில்லை. எனினும் இத்திருத்தம் நன்மையே செய்யும், தீங்கு செய்யும் வாய்ப்பு அரிது எனத் துணிந்து, ஆராய்ச்சி தொடர்கையிலேயே அது சேர்க்கப்பட்டது. பிப்ரவரி 9 அன்று 9.6.2, 9.5.6, 9.4.11, 9.3.16, 9.2.20 என்னும் ஐந்து வெளியீடுகள் ஒருங்கே வந்தன.

திருத்தங்கள் ஏற்கப்படும் முறை

இம்மென்பொருளில் எவரும் திருத்தம் அளிக்கலாம். ஆனால் பொதுநிரலில் அதை எழுதும் உரிமை, நெடுநாள் பணியால் நம்பிக்கை பெற்ற ஏறக்குறைய முப்பது பேர்க்கே உண்டு. இந்தியரான அமித் கபிலா 2018-ஆம் ஆண்டில் இவ்வுரிமையைப் பெற்றவர்களுள் ஒருவர்.

அளிக்கப்பட்ட திருத்தம் யாவரும் காணப் பொதுவில் வைக்கப்படும். ஆண்டில் சில மாதங்கள் 'கமிட்ஃபெஸ்ட்' என்னும் பரிசீலனைக் காலமாக ஒதுக்கப்பட்டுள்ளன. திருத்தம் அளிப்பவர் பிறர் அளித்தவற்றையும் பரிசீலிக்க வேண்டும் என்பது அங்கு நிலவும் நல்ல மரபு. ஏற்கப்பட்டபின், பலவகைக் கணிப்பொறிகளில் தன்னார்வலர் நடத்தும் 'பில்ட்ஃபார்ம்' என்னும் சோதனைத் தொகுதியில் அது தானாகவே சோதிக்கப்படும். ஒரு பெரு வெளியீட்டிற்கு ஐந்து ஆண்டுகள் வரை திருத்தங்கள் வழங்கப்படுவதால், புதியதில் செய்த திருத்தத்தைப் பழையவற்றிலும் பொருந்தச் செய்வது தனியொரு பொறுப்பாகும்.

நிரல் திருந்தினும் தரவு திருந்தாது

நிர்வாகிகள் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. திருத்திய மென்பொருளை நிறுவுவதால் இனிமேல் அமைக்கப்படும் அடைவுகளே பிழையின்றி அமையும். முன்னரே கெட்டுப்போன அடைவு கெட்டதாகவே இருக்கும். ஐயத்திற்குரிய அடைவுகளைப் புதிய வெளியீட்டை நிறுவியபின் மீண்டும் அமைப்பதே உறுதியான பரிகாரம் என்று அவ்வெளியீட்டுக் குறிப்பே அறிவுறுத்தியது. நற்பேறாக, இங்குக் கெட்டது அடைவேயன்றி மூலப் பதிவு அன்று. பதிவுகள் நலமாக இருப்பதால் அடைவை அவற்றிலிருந்து முழுமையாக மீட்டுவிடலாம்.

அடைவுகளைச் சோதிக்கும் 'ஆம்செக்' என்னும் துணைக்கருவி 2017-இல் வெளிவந்த 10-ஆம் வெளியீட்டில் மென்பொருளுடன் சேர்க்கப்பட்டது. பட்டியலின் பதிவுகள் அனைத்தும் அடைவில் உள்ளனவா எனச் சரிபார்க்கும் வசதி 2018-இன் 11-ஆம் வெளியீட்டில் வந்தது.

திருத்தத்திற்குப் பின்னும் விழிப்புத் தேவை என்பதற்குப் பிற்காலச் சான்றும் உண்டு. 2021 செப்டம்பரில் வெளியான 14-ஆம் வெளியீட்டில், அடைவு அமைக்கும் வேலையால் துப்புரவுப் பணி தாமதமாகாதிருக்க ஒரு விரைவு உபாயம் சேர்க்கப்பட்டது. அதன் விளைவாக, அடைவு அமைப்பதற்குத் தேவையான பதிப்புகளே சில வேளைகளில் முன்கூட்டி அகற்றப்பட்டன. அடைவுகள் மீண்டும் குறைபட்டன. 2022 ஜூன் 16 அன்று, வழக்கமான காலமுறைக்குக் காத்திராமல், 14.4 வெளியீடு வந்தது. இம்முறை திருத்தமாவது, அவ்வுபாயத்தை முற்றும் நீக்கிப் பழைய நிலைக்குத் திரும்புவதே. காரணம் வேறாயினும், விரைவுக்கெனச் செய்யும் ஏற்பாடுகள் சந்திக்கும் இடங்களே பிழைக்கு உறைவிடம் என்பது இரண்டு நிகழ்ச்சிகளிலும் புலனாகிறது.

பயில்வோர்க்குச் சில குறிப்புகள்

திருத்தம் அளிக்க விரும்பும் மாணவர் பெருநிரல் முழுவதையும் கற்றபின்னரே தொடங்க வேண்டும் என்பதில்லை. முதலாவதாக, கண்ட பிழையைப் பிறரும் காணும்படி, மிகக் குறைந்த கட்டளைகளால் மீண்டும் தோன்றச் செய்ய முயல வேண்டும். இரண்டாவதாக, எந்த வெளியீடு, எந்த இயக்க அமைப்பு என்பவற்றையும், எதிர்பார்த்த விடையையும் கிடைத்த விடையையும் தனித்தனியே எழுத வேண்டும். மூன்றாவதாக, பிழைக்கு வேண்டிய அளவே மாற்ற வேண்டும். வேறு சீர்திருத்தங்களை அதனோடு கலத்தலாகாது. நான்காவதாக, அப்பிழை மீண்டும் நுழையாதபடி சோதனை ஒன்றையும் சேர்த்தளிக்க வேண்டும். பிறர் கூறும் மறுப்புகளைப் பொறுமையுடன் ஏற்று, திருத்தத்தைப் பன்முறை மாற்றி எழுதும் மனப்பான்மையும் வேண்டும்.

கழக்கூட்டத்திலும் சென்னையிலும் பெங்களூரிலும் பொறியாளர்கள் பலர் நாள்தோறும் இத்தரவுத்தளத்தைப் பயன்படுத்துகின்றனர். சுமை மிகுந்த உண்மையான பணிகளில் அவர்கள் காணும் முரண்பாடுகள் ஆராய்ச்சிக்கூடங்களில் எளிதில் தோன்றாதவை. அவற்றைக் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கி மறந்துவிடாமல், நாளும் நேரமும் குறித்துக் காரணம் ஆராய்ந்து பொதுவில் அறிவிப்பார்களாயின், தொலைபேசி எண்ணை மாற்றிய ஒரு நுகர்வோரின் பதிவு தொலைந்துபோகாமல் காக்கும் பணியில் அவர்களும் பங்குகொண்டவர் ஆவர்.